கடலுக்குள் ஒரு கல்யாண வீடு

செமாராங், ஜாவா
12 மே 2024

ருகானாவுக்கு,

கோபமாக இருந்தாலும் சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அஸ்ஸலாமு அலைக்கும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெருநாளன்று என் எண்ணைப் போனில் தடை செய்தவள் இன்னும் அதை எடுக்கவில்லை. அதனால் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். இறால் விழுது விற்க இங்கே சந்தைக்கு வரும் ஜும்ரோ கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். செய்தியைச் சொன்னவளும் அவள்தான். "உன் தங்கச்சி மறுபடியும் தரையத் தூக்குறா. சுல்பா கல்யாணம் வீட்லதானாம், தெரியாதா உனக்கு?" என்று கேட்டாள். தங்கை மகளின் கல்யாணச் செய்தியை இறால் விழுதோடு சேர்த்து வாங்க வேண்டிய நிலை எனக்கு!

வீட்டிலா? எந்த வீட்டில்? அலை ஏறினால் தெருவும் கடல், கொல்லையும் கடல். தெரு என்று நீங்கள் சொல்லிக்கொள்வது ஒரு மூங்கில் பாலம். அதில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தை அதில் எப்படிக் கூட்டி வருவாய்? வரிசையாக நிறுத்தி எண்ணி எண்ணி அனுப்புவாயா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு மண்டபம் இருக்கிறது. பேசி வைத்திருக்கிறேன். மின்விசிறி உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு. முக்கியமாக, தரை உண்டு.

பெருநாளன்று சம்பந்தி வீட்டார் முன்னால் நான் பேசியதைத்தான் நீ மனதில் வைத்திருக்கிறாய். "இந்த வீட்டுக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாது" என்று சொன்னேன். பொய்யா சொன்னேன்? தண்ணீருக்குப் பயந்து எத்தனை தடவை தரையைத் தூக்கிவிட்டீர்கள்? ஒவ்வொரு தடவையும் அது எத்தனை நாள் தாங்கியது? அப்பா கட்டிய வீட்டில் நிமிர்ந்து நடந்தவர்கள் நாம். தரை ஏறி ஏறிக் கூரை தலையில் இடிக்க, உன் மகள் குனிந்தே வளர்ந்தாள். அவளைக் குனிந்தபடியே கட்டிக்கொடுக்கப் போகிறாயா?

யோசித்துப் பதில் எழுது.

உன் அக்கா,
முந்தமா


தம்பாக்லோர்
17 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தில் கொஞ்சம் இறால் வாசனை இருந்தது, அதனால் காரம் குறைந்துதான் தெரிந்தது. நன்றாக இருக்கிறாயா? முழங்கால் வலி எப்படி?

கல்யாணம் ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. உனக்கு நேரில் வந்து சொல்லத்தான் இருந்தேன், தரை வேலை விடவில்லை. சம்பந்தி மர்சூக்கி ஜெபாராவில் கட்டில் பீரோ செய்கிறவர் என்பது உனக்குத் தெரியும். மரத்தை அளப்பதைவிடப் பஞ்சாங்கத்தை நுணுக்கமாக அளக்கிறார். இரண்டு பேருடைய பிறந்த கிழமையையும் சந்தை நாளையும் கூட்டி, வகுத்து, கழித்து, "ஞாயிறு, லெகிச் சந்தை நாள்தாம்மா. இதவிட்டா இந்த வருஷம் நாளே இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டோம்.

சரி, மண்டபம். அக்கா, நீ கல்யாணம் பண்ணிக்கொண்டது எந்த வீட்டில்? நான் பண்ணிக்கொண்டது எந்த வீட்டில்? பெண் வீட்டு வாசலில் வாழைத்தார் கட்டி, தென்னங்குருத்து தொங்கவிட்டு, மாப்பிள்ளை தேடி வந்து கூட்டிப் போவதுதானே நம் வழக்கம்? மண்டபத்து வாசலில் கட்டினால் அது மண்டபத்துப் பெண் கல்யாணம். எனக்குப் பெண் இருக்கிறாள், வீடும் இருக்கிறது. வாழை மட்டும்தான் இங்கே முளைக்காது. அதைப் படகில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

சுல்பாவிடமும் கேட்டேன். "பெரியம்மா மண்டபம் பாத்திருக்காங்க, ஃபேனெல்லாம் இருக்காம். என்னடி சொல்ற?" என்றேன். சிப்பி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "அங்க நான் யாரும்மா? இங்கன்னா நான் இந்த வீட்டுப் பொண்ணு" என்றாள்.

தரை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. உன் செமாராங் வீடு எத்தனை நாள் தாங்கும் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? போன மழைக்கு உன் சாக்கடை அடுப்படிவரை வந்ததை ஜும்ரோ சொன்னாள். செய்தி இரண்டு பக்கமும்தான் போகிறது!

நாங்கள் குனிந்து நடப்பது உண்மை. போன மாதம் வட்டாட்சியர் வந்தார். எங்கள் வீட்டுக்குள் நுழைய அவரும் குனிந்தார். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் தலை வணங்கித்தான் உள்ளே வர வேண்டும், அப்படி ஒரு வீடு உன் தெருவில் இருக்கிறதா, சொல்.

தரைக்கு மேல் புதிதாகப் பலகை போட்டிருக்கிறோம். சுவருக்கு மஞ்சள் வர்ணம். என் வீட்டுக்காரர் கஸ்னாவி தூரிகையோடு நாள் முழுக்கப் பாடிக்கொண்டே அடித்தார். அடுத்த வருஷம் இந்தச் சுவர் இருக்குமா என்று நீ கேட்பாய். இந்த வருஷம் மஞ்சளாக இருக்கிறது அக்கா. அவ்வளவு அழகாக இருக்கிறது.

வந்து பார்.

ருகானா


செமாராங்
22 மே 2024

ருகானா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நாட்காட்டியை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அவன் போனில் கடல் ஏற்றக் கணக்கையும் பார்க்கச் சொன்னேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 23 எந்த நாள் தெரியுமா? பெசார் மாதம் பதினாறு. பௌர்ணமிக்கு மறுநாள். வருஷத்திலேயே கடல் மிக உயரமாக ஏறும் பருவம், அதிலும் உச்சமான நாள். அதுவும் பகலில்!

ஜெபாராவில் மேட்டில் உட்கார்ந்து மரம் இழைக்கிறவருக்கு அது தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் கணவருக்கு என்ன வந்தது? சிப்பி வளர்க்கக் கடலில் மூங்கில் நட்டு, நீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பிழைக்கிற மனிதர்! நிலாவைப் பார்க்காமல் வலைகூடப் போடாதவர் மகள் கல்யாணத்துக்கு நிலாவைப் பார்க்கவில்லையா? நீயும் பார்க்கவில்லையா? கிழமை பார்த்தீர்கள், சந்தை நாள் பார்த்தீர்கள். வாசற்படியில் நிற்கிற கடலை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மண்டபம் இன்னும் இருக்கிறது. அதே நாளில்தான் பேசியிருக்கிறேன், சம்பந்திக்கும் குறை இருக்காது. பிடிவாதத்தை விடு. விடமாட்டேன் என்றால் நான் வரமாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் அத்தானும் நானும் அங்கே நம் வீட்டுப் பக்கத்திலேயே வீடு கட்டினோம். ஒருநாள் காலையில் அரிசிப் பானை கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து வாசலுக்குப் போனது. அதன் பின்னாலேயே நாங்களும் வெளியே வந்துவிட்டோம். அன்றிலிருந்து எனக்கு எதிலும் முன்யோசனை வேண்டும். நீ சிரித்தாலும் சரி.

முந்தமா


தம்பாக்லோர்
30 மே 2024

அக்காவுக்கு,

நீ சொன்னது முழுக்க சரி. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்க மாட்டாய்.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். கஸ்னாவி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, பௌர்ணமி! பொண்ணு கல்யாணம்னதும் எனக்கு வானமே மறந்துபோச்சு ருகா" என்றார். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்தால் திட்ட வரவில்லை.

மறுநாளே ஜெபாராவுக்குப் போய் சம்பந்தியிடம் சொன்னார். அவர் நாளை மாற்றச் சம்மதிக்கவில்லை. "நாள் நாள்தான் மச்சான். கடல் வருமேன்னு நல்ல நாள விடமுடியுமா? நேரத்தக் கொஞ்சம் முன்னால வச்சுக்கலாம்" என்றாராம். காலை ஒன்பதுக்கு நிக்காஹ் என்று பேசியிருக்கிறது. தண்ணீர் பதினொன்றுக்கு மேல்தான் வீட்டைத் தொடும்.

அதற்கும் ஏற்பாடு நடக்கிறது. நம் பக்கத்து வீட்டு முத்ரிகா வந்து நடுக்கூடத்தைக் கையால் அளந்து பார்த்தாள். "இன்னும் ஒரு முழம் தூக்கணும் ருகா. பலகை இல்லையா? எங்க வீட்டுத் தரை சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் கணவனும் அவளுமாகத் தங்கள் அறைத் தரையிலிருந்து இரண்டு பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தில் வந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இப்போது எங்கள் கூடத்தில் ஊரே தரையாகக் கிடக்கிறது அக்கா. ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்றில் யாரோ ஒரு குழந்தை கிறுக்கிய படம். அவரவர் வீட்டில் ஓட்டையைத் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். கல்யாணம் முடியும்வரை அப்படித்தான் நடப்போம் என்கிறார்கள்.

இந்த ஊரை விட்டு உன் மண்டபத்துக்கு நான் எப்படி வருவேன்? எந்த முகத்தோடு வருவேன்?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முன்யோசனை முன்யோசனை என்கிறாய். அத்தானுக்கு ஒரு பட்டுச் சட்டை வாங்கினாய். "நல்ல வீடா அமையட்டும், குடிபோற அன்னைக்குப் போட்டுக்கலாம்" என்று பெட்டியில் வைத்தாய். நல்ல வீடு அமைந்தது, அத்தான்தான் இல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எழுதும்போது எனக்கும் அழுகைதான் வருகிறது. ஆனால் என் மகளின் கல்யாணத்தை நான் பெட்டியில் வைக்க மாட்டேன். நாளைக்கு இந்த வீடு இருக்குமோ இல்லையோ, இன்றைக்கு அவளுக்கு அம்மா வீடு என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் அவள் புறப்படுவாள்.

22ஆம் தேதி சனிக்கிழமை பெண்ணுக்கு மங்கல முழுக்கு. முதல் செம்பு தண்ணீரைக் குடும்பத்து மூத்தவள் ஊற்ற வேண்டும். நம் வீட்டில் மூத்தவள் நீ. மழைத் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். நீ வருவாய் என்று சுல்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வரமாட்டேன் என்று எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ருகானா


தம்பாக்லோர்
25 ஜூன் 2024

அக்கா,

நீ வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்வரை சுல்பா ஈரம்படாத சேலையோடு உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் யார் நடந்தாலும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் முத்ரிகாதான் "தண்ணிய ஊத்துங்கடி, புள்ள எவ்வளவு நேரந்தான் காத்திருப்பா" என்று சத்தம் போட்டாள். முதல் செம்பை நானே ஊற்றினேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஆனாலும் எழுதுகிறேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒன்பது மணி என்று பேசினோம் அல்லவா? கல்யாண மாதம், பதிவாளருக்கு அன்று ஊரெல்லாம் நிக்காஹ். வேறு இரண்டு வீட்டை முடித்துவிட்டு அவர் படகில் வந்து சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. சம்பந்தி கடிகாரத்தைப் பார்க்கிறார், கஸ்னாவி தண்ணீரைப் பார்க்கிறார். பதிவாளர் நல்ல உயரம். தரை ஏறியிருக்கிறது, கூரை அப்படியே இருக்கிறது. வாசலில் மடங்கினவர் கூடத்தில் உட்காரும்வரை நிமிரவில்லை. "தொழுகையில அல்லாஹ்வுக்குக் குனியற ருக்கூவ உங்க வீட்டுக்கே செஞ்சுட்டேன்போல" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கஸ்னாவி மாப்பிள்ளை அனாமின் கையைப் பிடித்தார். பதிவாளர் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கஸ்னாவியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். நிக்காஹ் சொல்ல ஆரம்பிக்கவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. சத்தமே இல்லை. பலகை இடுக்கிலிருந்து கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. முதலில் பாய் நனைந்தது, பிறகு எங்கள் கால் நனைந்தது. ஜெபாராப் பெண்கள் பக்கத்திலிருந்து "யாத்தே" என்று ஒரு குரல். பதிவாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, "என்ன பண்ணலாம், கொஞ்சம் வடியட்டுமா?" என்று கேட்டார்.

யார் பதில் சொன்னது தெரியுமா? நம் சம்பந்தி, பஞ்சாங்கக்காரர். இடுப்பளவு தண்ணீரையே பார்க்காத மனிதர். சம்மணம் போட்டுத் தண்ணீரில் அப்படியே அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "பிடிச்ச கைய விடக்கூடாது. சொல்லுங்க மச்சான், நாங்க எங்கயும் போகல" என்றார்.

அக்கா, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஊரும் எழுந்திருக்கவில்லை, ஜெபாராக்காரர்களும் எழுந்திருக்கவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பலகைமேல் தாங்களே உட்கார்ந்து நனைந்தார்கள். கஸ்னாவி குரல் உடையாமல் சொன்னார். அனாம் ஒரே மூச்சில் ஏற்றுச் சொன்னான். சாட்சிகளும் கூடியிருந்தவர்களும் சேர்ந்து நிக்காஹ் "செல்லும்!" என்று கத்தினார்கள் பார், கூரை ஓடு அதிர்ந்தது. சுல்பா தலைப் பூ உத்தரத்தில் உரச, தண்ணீரில் நின்று கணவனின் கையை முத்தமிட்டாள். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எப்போதும் நின்றதில்லை.

பிறகு ஜெனாங் இனிப்புத் தட்டு ஒன்று ஆண்கள் பக்கத்திலிருந்து மிதந்து பெண்கள் பக்கம் வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது பிள்ளைகள் ஜெபாராவுக்குப் போய்விட்டார்கள். பலகைகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் கூடத்தில் நிற்கும்போதெல்லாம் ஓர் இடத்தைப் பார்க்கிறேன். பெண்கள் வரிசையில், எனக்கு வலது பக்கம், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு இடம் விட்டிருந்தேன். கடைசிவரை அங்கே வேறு யாரையும் உட்கார விடவில்லை.

இனி நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

ருகானா


செமாராங்
28 ஜூன் 2024

ருகா,

நான் வந்தேன்.

அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை எழுத முடியும். சனிக்கிழமை முழுக்க வீம்பாக வீட்டில் இருந்தேன். உன் கடிதத்தில் சட்டையைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலையில் எழுந்தபோது, பெட்டியில் மடித்து வைத்திருந்த என் நல்ல பட்டு ரவிக்கையை எடுத்து உடுத்திக்கொண்டேன். ஒரு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறினேன். ஓட்டுகிற பையனிடம் வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன்: "நான் அந்த ஊர்ப் பொண்ணுப்பா. எத்தன மணிக்கு எங்க தண்ணி ஏறும்னு எனக்கு மனப்பாடம். பதினொன்னுக்கு மேலதான் ரோட்டத் தொடும், நீ பயப்படாம போ."

பத்து மணிக்கே சாலை இல்லை. கடலோரத் தேநீர்க் கடைக்கு அந்தப் பக்கம் ஒரே தண்ணீர். நான் மனப்பாடமாக வைத்திருந்தது நான் ஊரை விட்ட வருஷத்துக் கணக்கு. அதற்குப் பிறகு கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும், முத்ரிகாவுக்குத் தெரியும், அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. உனக்கு நாட்காட்டி பார்த்துச் சொன்னவள் நான்!

படகு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உன் வாசலில் நின்றன. போனில் உன்னைக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. தடையை நீ இன்னும் எடுக்கவில்லை, கழுதை.

சம்பந்தி வீட்டார் படகில் திரும்பியபோது கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பட்டு உடுத்தி, சாலை தெரியாமல் கரையில் நின்றவள் என்று அவர்கள் வாயில் விழ எனக்கு மனமில்லை. சுல்பா படகில் போவதைப் பார்த்தேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு முன் நடந்ததையெல்லாம் காதால்தான் கேட்டேன். தண்ணீர்மேல் ஒலிபெருக்கிச் சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது! பதிவாளர் ருக்கூ என்றதும் நீங்கள் சிரித்தது கேட்டது. பிறகு திடீரென்று ஒரே அமைதி. "வடியட்டுமா" என்று அவர் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அவ்வளவுதான், எந்திரிச்சிருப்பாங்க. யாரு வீடும்மா அது?" என்றார்.

"எங்க வீடு. எந்திரிக்க மாட்டாங்க, பாருங்க" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. முழங்கால் வலியோடு எழுந்து நின்றேன். கஸ்னாவியின் குரல் வந்தது. அனாமின் குரல் வந்தது. ஒரு சொல்கூட உடையவில்லை. அங்கே நீங்கள் எல்லோரும் "செல்லும்!" என்று கத்தினீர்களே, அப்போது இங்கே கரையில் நின்று நானும் கத்தினேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னொரு தடவை கத்தினேன்.

உன் அக்கா,
முந்தமா